பட்டியலில் இருக்கிறது என்பதற்காக நம்பிவிடலாமா? கிளவுட் மென்பொருள் சந்தைகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

கணக்கு எழுதவோ வாடிக்கையாளர் விவரங்களைச் சேமிக்கவோ ஒரு மென்பொருள் வேண்டுமென்றால், முன்பெல்லாம் சிடி வாங்கி வந்து நம் கணினியில் நிறுவிக்கொள்வோம். விற்ற நிறுவனம் மறுநாளே மூடிவிட்டாலும் மென்பொருள் நம்மிடம் இருக்கும், தரவும் நம்மிடம் இருக்கும். கிளவுடில் இது தலைகீழ். மென்பொருள் அவர்களுடைய சர்வரில் ஓடுகிறது, நம் தரவும் அங்கேதான் கிடக்கிறது. நம் கையில் இருப்பது ஒரு லாகினும் சந்தா ரசீதும்தான். வீட்டுச் சாவியை ஒருவரிடம் கொடுத்துவைப்பது போன்ற காரியம் இது. அதனால் மென்பொருளில் என்னென்ன வசதி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே, சாவியை வாங்கிக்கொள்கிறவர் எப்படிப்பட்டவர் என்று பார்த்தாக வேண்டும்.

அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட், 2011-இல் கிளவுடுக்கு ஒரு வரையறை வெளியிட்டது. அதன்படி கிளவுட் சேவைகள் மூன்று வகை. வெறும் சர்வரையும் சேமிப்பிடத்தையும் வாடகைக்கு எடுப்பது ஒன்று. மென்பொருளை எழுதி ஓட்டுவதற்கான தளத்தை வாடகைக்கு எடுப்பது இன்னொன்று. எழுதி முடித்த மென்பொருளையே பிரவுசரில் திறந்து பயன்படுத்துவது மூன்றாவது. அதைத்தான் சாஸ் என்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வாங்குவது சாஸ்தான் என்பதால், இங்கே பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

ஒவ்வொரு வேலைக்கும் நூற்றுக்கணக்கில் சாஸ் மென்பொருள்கள் இருக்கின்றன. அத்தனையையும் தேடிப் பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது. அந்த இடத்தில்தான் இணையச் சந்தைகள் கைகொடுக்கின்றன. அவை உண்மையிலேயே பயனுள்ளவை, நானும் தேடலை அங்கிருந்துதான் தொடங்குகிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சந்தையில் நம் கண்ணில் படும் நட்சத்திரம், பேட்ஜ், செய்முறைக் காணொளி எல்லாம் உள்ளே நுழையும் நாளைப் பற்றியவை. ஒரு நிறுவனம் நம்பகமானதா என்பதோ, ஏதாவது உடையும் நாளிலும் நாம் வெளியேறும் நாளிலும்தான் தெரியும். அந்த இரண்டு நாள்களும் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் நாம் செய்ய வேண்டிய வேலை.

எத்தனை வகைச் சந்தைகள்?

'சந்தை' என்ற ஒரே பெயரில் வெவ்வேறு விஷயங்கள் நடமாடுகின்றன. முதலில் இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

பெரிய கிளவுட் நிறுவனங்கள் தாங்களே நடத்தும் சந்தைகள் ஒரு வகை. வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்கும் மென்பொருளை விற்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம், ஆப்எக்ஸ்சேஞ்ச் என்ற தன் சந்தையை 2005-இல் அறிவித்தது. அமேசானின் கிளவுட் பிரிவான ஏ.டபிள்யூ.எஸ். நடத்தும் மார்க்கெட்பிளேஸ் 2012-இல் வந்தது. மைக்ரோசாஃப்டுக்கும் கூகுளுக்கும் இப்படிச் சந்தைகள் உண்டு. இங்கே மென்பொருளைத் தேர்ந்தெடுத்து அங்கேயே வாங்கலாம். கட்டணம் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் கிளவுட் பில்லிலேயே சேர்ந்துவிடும். விற்பனையில் சந்தைக்கு ஒரு பங்கு போகிறது. மைக்ரோசாஃப்ட் அந்தப் பங்கை 2021-இல் 20 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தது. பங்கு குறைந்தால் விற்பனையாளர்கள் அதிகம் வருவார்கள், அவர்களோடு வாடிக்கையாளர்களும் தன் கிளவுடிலேயே தங்குவார்கள் என்பது சந்தை நடத்துபவரின் கணக்கு. பெரிய நிறுவனங்கள் 'இத்தனை ஆண்டில் இவ்வளவு செலவழிப்போம்' என்று கிளவுட் நிறுவனத்தோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டிருக்கும். சந்தை வழியாக வாங்கும் பல மென்பொருள்களின் செலவை அந்தத் தொகையில் கழித்துக்கொள்ளலாம். அவர்கள் அங்கே வாங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். சிறிய அளவில் வாங்கும் நமக்கு அந்தக் காரணம் பொருந்தாது. ஆகவே 'பெரிய நிறுவனங்களே இங்கேதான் வாங்குகின்றன' என்பதை நம்பகத்தன்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது வகை, மதிப்புரைத் தளங்கள். 1999-இல் தொடங்கிய கேப்டெரா, 2012-இல் தொடங்கிய ஜி2 போன்றவை. இங்கே நீங்கள் ஒப்பிடலாம், படிக்கலாம். வாங்குவது பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் தளத்தில்தான். இவற்றுக்கு வருமானம் விற்பனையாளர்களிடமிருந்து வருகிறது. கேப்டெராவில் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை. மேல் வரிசையில் தெரிவதற்குத்தான் கிளிக்குக்கு இவ்வளவு என்று ஏலம் கேட்க வேண்டும். பட்டியலின் தலையில் 'ஸ்பான்சர்டு' என்று சிறிய எழுத்தில் இருந்தால், வரிசை அமைப்பை மதிப்பீட்டின்படியோ மதிப்புரைகளின் எண்ணிக்கைப்படியோ மாற்றிவிட்டுப் பாருங்கள். முதல் பக்கமே வேறாகத் தெரியலாம்.

மூன்றாவது வகையைப் புதியவர்கள் பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை. அரசுகளும் பொது அமைப்புகளும் வைத்திருக்கும் பதிவேடுகள் அவை. அமெரிக்க அரசுத் துறைகள் எந்த கிளவுட் சேவைகளைப் பயன்படுத்த அனுமதி பெற்றிருக்கின்றன என்பதை ஃபெட்ராம்ப் மார்க்கெட்பிளேஸில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். கிளவுட் செக்யூரிட்டி அலையன்ஸ் என்ற அமைப்பு 2011-இலிருந்து ஸ்டார் என்ற பொதுப் பதிவேட்டை நடத்துகிறது. பாதுகாப்பு பற்றிய ஒரு நீண்ட கேள்விப் பட்டியலுக்கு நிறுவனங்கள் தந்த பதில்களை அதில் இறக்கிப் படிக்கலாம். முதல் நிலை என்றால் நிறுவனம் தானே சொன்ன பதில், இரண்டாம் நிலை என்றால் வெளியார் தணிக்கை செய்தது. விளம்பரப் பக்கத்தில் கிடைக்காத விவரங்கள் இங்கே கிடைக்கும். பெரிய சந்தையில் பார்த்த பெயரை இங்கே ஒரு முறை தேடிப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

சந்தை எதைச் சோதிக்கிறது?

'இவ்வளவு பெரிய சந்தையில் இருக்கிறது என்றால் சோதித்துத்தானே சேர்த்திருப்பார்கள்' என்ற எண்ணம் இயல்பானது. ஓரளவு உண்மையும்கூட. பணம் வாங்கி விற்பவர்களிடம் ஏ.டபிள்யூ.எஸ். வரி விவரமும் வங்கி விவரமும் கேட்கிறது. சர்வரில் நிறுவும் மென்பொருள்களை, ஏற்கெனவே அறியப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் இருக்கின்றனவா என்று ஸ்கேன் செய்கிறது. ஆப்எக்ஸ்சேஞ்சில் சேர்வதற்கு முன் பாதுகாப்புப் பரிசோதனை உண்டு.

இந்தச் சோதனைகள் பார்ப்பது மென்பொருளை. அதை நடத்தும் நிறுவனம் அடுத்த ஆண்டும் இருக்குமா, அதன் ஊழியர்களின் கடவுச்சொற்கள் பத்திரமாக இருக்கின்றனவா, உதவி கேட்டு எழுதினால் பதில் வருமா என்பதெல்லாம் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவை.

2025 ஆகஸ்டில் நடந்தது இதை எல்லோருக்கும் புரியவைத்தது. சேல்ஸ்லாஃப்ட் நிறுவனத்தின் டிரிஃப்ட் என்ற அரட்டை மென்பொருள் ஆப்எக்ஸ்சேஞ்சில் இருந்தது. பல நிறுவனங்கள் அதைத் தங்கள் சேல்ஸ்ஃபோர்ஸ் கணக்கோடு இணைத்திருந்தன. அப்படி இணைக்கும்போது 'இந்தச் செயலி என் தரவைப் படிக்கலாம்' என்பதற்கு அடையாளமாக ஒரு டோக்கன் உருவாகும். கடவுச்சொல் இல்லாமலேயே கதவைத் திறக்கும் சாவி அது. தாக்குதல்காரர்கள் அந்த டோக்கன்களைத் திருடி, நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் சேல்ஸ்ஃபோர்ஸ் தரவுக்குள் நுழைந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் கிளவுட்ஃபிளேர், பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் போன்ற பாதுகாப்புத் துறை நிறுவனங்களே இருந்தன. சேல்ஸ்ஃபோர்ஸ் அதன் பிறகுதான் டிரிஃப்டைச் சந்தையிலிருந்து நீக்கியது. இத்தனைக்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் தளத்தில் எந்த ஓட்டையும் இல்லை. சாவி வைத்திருந்தவரிடமிருந்து சாவி போயிற்று, அவ்வளவுதான்.

அதனால் சந்தையில் 'நிறுவு' என்ற பொத்தானை அழுத்தியதும் வரும் அனுமதிப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். நாள்காட்டியில் சந்திப்பு நேரம் குறிக்க வேண்டிய ஒரு செயலி, உங்கள் மின்னஞ்சல் அனைத்தையும் படிக்கவும் அழிக்கவும் அனுமதி கேட்டால், ஏன் என்று அந்த நிறுவனத்திடமே கேட்கலாம். பதில் திருப்தியாக இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பயன்படுத்தாமல் விட்டுவிட்ட செயலிகளின் அனுமதியையும் அவ்வப்போது நீக்க வேண்டும். லாகின் செய்யாமல் விட்டதால் டோக்கன் செத்துப்போகாது.

மதிப்புரைகளைப் படிக்கும் விதம்

சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு சிறிய குழுவுக்காக வாடிக்கையாளர் உதவி மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். மதிப்பீடு நன்றாக இருந்தது. மதிப்புரைகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. 'பத்து நிமிடத்தில் தொடங்கிவிட்டோம்', 'பயன்படுத்த மிக எளிது'. இரண்டு ஆண்டுகள் கழித்து வேறு மென்பொருளுக்கு மாறியபோதுதான் சிக்கல் தெரிந்தது. உரையாடல்களை ஏற்றுமதி செய்ய முடிந்தது, ஆனால் அவற்றோடு வந்த கோப்புகள் எதுவும் சேர்ந்து வரவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து இறக்க வேண்டியிருந்தது. குழுவில் இரண்டு பேருக்கு வாரக்கணக்கில் அதே வேலை. பிறகு பழைய மதிப்புரைகளைத் திரும்பப் போய்ப் படித்தேன். பொய் எதுவும் இல்லை. ஆனால் ஏறக்குறைய எல்லாமே சேர்ந்த முதல் மாதத்தில் எழுதப்பட்டவை.

அன்றிலிருந்து நான் மதிப்புரைகளைப் படிக்கும் வரிசையே மாறிவிட்டது. முதலில் 'எத்தனை காலமாகப் பயன்படுத்துகிறீர்கள்' என்ற வரியைப் பார்ப்பேன். ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தியவர் எழுதிய மூன்று நட்சத்திர மதிப்புரை, முதல் வாரத்தில் எழுதிய பத்து ஐந்து நட்சத்திரங்களைவிட எனக்குப் பயன்பட்டிருக்கிறது. பிறகு மதிப்புரைகளுக்குள்ளேயே 'ரத்து', 'ரீஃபண்ட்', 'ஏற்றுமதி', 'பேக்கப்', 'பதில் வரவில்லை' போன்ற சொற்களை இட்டுத் தேடுவேன். கடைசியாக, குறை சொன்னவருக்கு நிறுவனம் என்ன பதில் எழுதியிருக்கிறது என்று பார்ப்பேன். எல்லாக் குறைக்கும் ஒரே வாசகத்தை ஒட்டியிருந்தால் அது மோசமான அறிகுறி. 'இந்தத் தேதியில் இந்தக் கோளாறு நடந்தது, இப்படிச் சரிசெய்தோம்' என்று எழுதும் நிறுவனத்துக்கு என் கணக்கில் மதிப்பெண் கூடும்.

இன்னும் இரண்டு விஷயங்கள். மதிப்புரை எழுதுகிறவர்களுக்குப் பரிசு அட்டை கொடுப்பது இந்தத் தளங்களில் வழக்கம். அப்படி எழுதியதை மதிப்புரையிலேயே குறிப்பிட்டிருப்பார்கள். அதனால் மட்டும் அது பொய்யாகிவிடாது. நல்லபடியாக எழுதினால்தான் பரிசு என்று நிபந்தனை போடுவதுதான் தவறு. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் கொண்டுவந்த விதி 2024 அக்டோபர் 21 முதல் அதையும் போலி மதிப்புரைகளையும் தடைசெய்கிறது. இரண்டாவது, மூன்று தளங்களில் ஒரே மாதிரி மதிப்பீடு இருந்தால் அதை மூன்று சாட்சிகளாக எண்ணிவிடக் கூடாது. கேப்டெரா, கெட்ஆப், சாஃப்ட்வேர் அட்வைஸ் ஆகிய மூன்றையும் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் 2014-15 வாக்கில் வாங்கியது. அதன் பிறகு ஒரே மதிப்புரை மூன்றிலும் தெரிவது வழக்கமாயிற்று.

சான்றிதழ் யாருடையது?

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது என்பது என் கருத்து.

மென்பொருள் நிறுவனத்தின் பக்கத்தில் 'எங்கள் சர்வர்கள் ஐ.எஸ்.ஓ. 27001, சாக் 2 சான்று பெற்ற டேட்டா சென்டரில் இருக்கின்றன' என்று இருக்கும். இரண்டும் தகவல் பாதுகாப்பைச் சோதித்துத் தரும் சான்றுகள், படித்ததும் நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த வாக்கியம் சொல்வது அமேசானோ கூகுளோ சான்று பெற்றிருக்கிறது என்பதை மட்டுமே. அந்தக் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கும் இந்த நிறுவனத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. கட்டடத்துக்கு உறுதியான பூட்டும் காவலாளியும் இருக்கலாம், குடியிருப்பவர் தன் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போகலாம்.

2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்துக்கு நேர்ந்ததும் இப்படித்தான். மற்றவர்களின் மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் சேவை அது, அமேசான் கிளவுடில் ஓடியது. தாக்குதல்காரர் ஒருவர் அதன் அமேசான் கட்டுப்பாட்டுப் பலகத்துக்குள் நுழைந்துவிட்டார். விரட்ட முயன்றபோது தரவையும் பேக்கப்பையும் சேர்த்தே அழித்தார். பேக்கப்பும் அதே கணக்கில்தான் இருந்தது. நிறுவனம் அதோடு மூடிவிட்டது. அமேசானின் சான்றிதழ்கள் அனைத்தும் அன்றைக்கும் செல்லுபடியாகத்தான் இருந்தன.

எனவே கேட்க வேண்டிய கேள்வி, 'உங்கள் நிறுவனத்தின் பெயரில் அறிக்கை இருக்கிறதா?' என்பது. சாக் 2 என்பது அமெரிக்கக் கணக்காயர் அமைப்பு வகுத்த தணிக்கை முறை. அதில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, ஒரு குறிப்பிட்ட நாளில் பாதுகாப்பு ஏற்பாடுகள் சரியாக வகுக்கப்பட்டிருந்தனவா என்று மட்டும் சொல்லும். இரண்டாம் வகை, அந்த ஏற்பாடுகள் பல மாதங்கள் தொடர்ந்து உண்மையிலேயே கடைப்பிடிக்கப்பட்டனவா என்று பார்த்துச் சொல்லும். நமக்கு வேண்டியது இரண்டாம் வகை. அறிக்கை முழுவதையும் பொதுவில் போட மாட்டார்கள். ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் அனுப்புவார்கள். கைக்கு வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள்: எந்தக் காலத்துக்கான தணிக்கை, நீங்கள் வாங்கப்போகும் மென்பொருள் அதன் எல்லைக்குள் வருகிறதா, தணிக்கையாளர் விலகல், அதாவது சொன்னபடி நடக்காதது, என்று எதைக் குறித்திருக்கிறார். ஓரிரு விலகல் இருப்பது இயல்பு. நிறுவனம் அதற்கு என்ன விளக்கம் தந்திருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஐ.எஸ்.ஓ. 27001 சான்று மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும், இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை நடக்கும். ஒரு சிறு சோதனை: சான்றிதழில் 2013 பதிப்பு என்று இருந்தால் அது காலாவதியானது. 2022 பதிப்புக்கு மாறுவதற்கான கெடு 2025 அக்டோபர் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

சிறிய நிறுவனங்களிடம் இந்தத் தணிக்கைகள் இல்லாமல் இருக்கலாம், செலவு அதிகம். அதற்காக உடனே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பேக்கப் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள், எங்கள் தரவை உங்கள் ஊழியர்களில் யாரெல்லாம் பார்க்க முடியும் என்று மூன்றே கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்புங்கள். தெளிவான, நேரான பதில் ஒன்றிரண்டு நாளில் வந்தால் அதுவும் ஒரு சான்றுதான். விற்பனைப் பிரிவிலிருந்து 'ஒரு அழைப்பில் பேசலாமே' என்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் வேறு பெயரைப் பார்க்கலாம்.

உடையும் நாள்

99.9 சதவீத நேரம் சேவை இயங்கும் என்ற வாக்குறுதியைப் பல பக்கங்களில் பார்ப்பீர்கள். 30 நாள் மாதத்தில் அதன் பொருள், 43 நிமிடம் நின்றுபோகலாம் என்பது. 99 சதவீதம் என்றால் 7 மணி 12 நிமிடம். அதற்கு மேல் நின்றால் கிடைப்பது பெரும்பாலும் அடுத்த பில்லில் சிறு தள்ளுபடி. உங்கள் வேலை கெட்டதற்கு அது ஈடாகாது. ஆகவே எண்ணைவிட, சேவை ஓடுகிறதா, எப்போதெல்லாம் நின்றது என்று காட்டும் அந்த நிறுவனத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து பழைய கோளாறுகளைப் படிப்பதையே நான் விரும்புகிறேன். கோளாறே நடக்காதது போல வெறுமையாக இருக்கும் பக்கம் எனக்கு நம்பிக்கை தருவதில்லை.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2022 ஏப்ரலில், குழு வேலைகளுக்கான மென்பொருள்களை விற்கும் அட்லாசியன் நிறுவனத்தில், பழைய செயலி ஒன்றை நீக்க ஓட்டிய நிரலுக்குத் தவறான அடையாள எண்கள் தரப்பட்டன. 775 வாடிக்கையாளர்களின் தளங்களே அழிந்துபோயின. எல்லாவற்றையும் மீட்க இரண்டு வாரம் வரை ஆயிற்று. 2024 மே மாதம், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட யூனிசூப்பர் என்ற ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியின் கூகுள் கிளவுட் அமைப்பு, ஓர் அமைவுத் தவறால் மொத்தமாக நீக்கப்பட்டது. வேறொரு நிறுவனத்திடமும் அவர்கள் பேக்கப் வைத்திருந்தது மீட்புக்குப் பெரிதும் உதவியது. நாமும் மாதம் ஒரு முறையாவது நம் தரவை ஏற்றுமதி செய்து வேறோர் இடத்தில் போட்டுவைக்கலாம்.

வெளியேறும் நாள்

நிர்வானிக்ஸ் என்ற கிளவுட் சேமிப்பு நிறுவனம் 2013 செப்டம்பர் நடுவில் தன் வாடிக்கையாளர்களிடம், மாத முடிவுக்குள் தரவையெல்லாம் எடுத்துக்கொள்ளச் சொன்னது. பிறகு கெடு அக்டோபர் 15 வரை நீண்டது. இடையில் நிறுவனம் திவால் மனு கொடுத்துவிட்டது. மலையளவு தரவு வைத்திருந்தவர்களுக்கு, அதை இணையம் வழியாக இறக்கவே அந்த நாள்கள் போதாது. மூடப்போகும் நிறுவனம் எது என்று முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது. எந்த நிறுவனத்தை விட்டும் சுலபமாக வெளியேற முடியுமா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்குச் சட்டமே வந்துவிட்டது. அங்கே 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த தரவுச் சட்டத்தின்படி, வாடிக்கையாளர் வேறு சேவைக்கு மாற கிளவுட் நிறுவனங்கள் வழிசெய்து தர வேண்டும். 2027 ஜனவரி 12 முதல் மாறுவதற்குக் கட்டணமும் வாங்கக் கூடாது. ஐரோப்பாவிலும் விற்கும் நிறுவனம் என்றால், அந்த வசதியை உங்களுக்கும் தருகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இலவசச் சோதனைக் காலத்தை வசதிகளைப் பார்ப்பதிலேயே கழித்துவிடாமல், கடைசி இரண்டு நாள்களை வெளியேறிப் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். உண்மையான தரவு வேண்டாம். கற்பனைப் பெயர்களில் ஐம்பது பதிவுகள், அவற்றோடு சில படங்களும் கோப்புகளும் போதும். உதவிப் பிரிவுக்கு ஒரு கேள்வி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பை வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். ஐம்பதும் வந்ததா, தமிழ் எழுத்துகள் சிதையாமல் இருக்கின்றனவா, இணைத்த கோப்புகள் கூடவே வந்தனவா? கடைசியாகக் கணக்கை மூடுங்கள். ஒரு பொத்தானில் முடிகிறதா, யாரிடமாவது தொலைபேசியில் பேசச் சொல்கிறார்களா? தரவை எந்தத் தேதிக்குள் அழிப்போம் என்று எழுத்தில் சொல்கிறார்களா? இவை அனைத்துக்கும் நல்ல பதில் கிடைத்தால், அதே நிறுவனத்தில் புதிதாக ஒரு கணக்குத் தொடங்கி உண்மையான தரவை ஏற்றலாம்.